கல்யாணத்துக்கு எத்தனை பல்லக்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் கல்யாண வேலை நடக்கும் ஏதாவது ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். பத்திரிகை அடித்தாயிற்று. பிரியாணிக்கு ஆள் பேசியாயிற்று. இப்போது ஓடிக்கொண்டிருப்பது வண்டிப் பஞ்சாயத்து. வேன் எத்தனை, பஸ் எத்தனை, பெண்களுக்குத் தனி வண்டியா, ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்களை எங்கே நிறுத்தி ஏற்றுவது, டோல்கேட் காசு யார் கணக்கு? கடைசியில் பெரியவர் ஒருவர் சொல்வார்: "ரெண்டு வண்டி சேர்த்தே சொல்லிடுப்பா. யாரெல்லாம் வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

யாரெல்லாம் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணத்தின் அழகே அதுதானே! இதே பாலாற்றுக் கரையில், வேலூர்க் கோட்டைக்குள் 1806-ல் ஒரு கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் யார் என்ற கேள்வி லண்டன் வரைக்கும் போனது.

பெண், திப்பு சுல்தானின் மகள்.

இந்தக் கல்யாணத்தில் ஒரு விசேஷம் உண்டு. பெண் வீட்டாரைக் கல்யாண ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. அதுவும் எப்போது? சில வருடங்கள் முன்கூட்டியே!

1799, மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கொல்லப்பட்டார். அவருடைய பிள்ளைகளை அங்கேயே விட்டுவைத்தால் இன்றில்லாவிட்டால் நாளை மைசூர் மறுபடி கிளம்பும். தூரமாகக் கொண்டுபோக வேண்டும். அதே சமயம் கம்பெனியின் கைக்கு எட்டுகிற தூரத்திலும் இருக்க வேண்டும். அகழி சூழ்ந்த வேலூர்க் கோட்டை கண்ணில் பட்டது. மூத்த இளவரசர்கள் அந்த வருடமே அனுப்பப்பட்டார்கள். அந்தப்புரம் 1802-ல் கிளம்பியது. ஐந்நூறுக்கும் அதிகமான பெண்கள். திப்புவின் மனைவியர் மட்டுமல்ல, ஹைதர் அலியின் குடும்பத்துப் பெண்கள், பணிப்பெண்கள், ஆடல் பாடல் கலைஞர்கள் எல்லோரும்.

பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில் கை பரபரக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வேலூர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ரயில் கிடையாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் முதல் ரயில் ஓடியதே 1856-ல்தான். கோஷா பெண்களைத் திறந்த வண்டியில் ஏற்ற முடியாது. மூடு பல்லக்கோ, திரை கட்டிய மாட்டு வண்டியோ வேண்டும். ஒரு பல்லக்குக்கு நாலு ஆள், தோள் மாற்ற இன்னொரு நாலு ஆள் என்று வையுங்கள். நூறு பல்லக்குக்கே எண்ணூறு பேர். அவர்களுக்குச் சோறு, மாட்டுக்குத் தீனி, இரவு தங்கக் கூடாரம், காவலுக்குப் பட்டாளம். இது என்னுடைய உத்தேசக் கணக்குதான். ஆனால் ஒன்று புரிகிறதல்லவா? இன்றைக்கு எந்த டிராவல்ஸ்காரரும் அட்வான்ஸ் வாங்கத் தயங்குகிற ஆர்டர் இது.

செலவைப் பற்றிக் கம்பெனி கவலைப்படவில்லை. 1799-ல் மைசூரைப் பங்கு போட்ட உடன்படிக்கையிலேயே, ஹைதர், திப்பு குடும்பங்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் பகோடாவுக்குக் குறையாமல் ஒதுக்குவதாக எழுதியிருந்தார்கள். பகோடா என்றால் நம் ஊர் வராகன். ஒரு பகோடா மூன்றரை ரூபாய். போட்டுப் பாருங்கள், ஏழு லட்ச ரூபாய்! அந்தக் காலத்தில்!

ஆனால் கம்பெனியின் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சுல்தான் வீடு இடம் மாறினால் சுல்தான் வீட்டை நம்பிப் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். திப்புவின் விசுவாசிகள் சுமார் மூவாயிரம் பேர் வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறியதாகச் சொல்கிறார்கள். மைசூரிடமிருந்து இளவரசர்களைப் பிரிக்கப்போய், ஒரு குட்டி மைசூரையே வேலூருக்கு வரவழைத்துவிட்டார்கள்.

கல்யாண நாள் 1806, ஜூலை 9, புதன்கிழமை. கோட்டைக்குள் விருந்து. உறவுகள், ஊர்க்காரர்கள், பழைய மைசூர் ஆட்கள். கல்யாண வீட்டுக்குப் போகிறவனை 'நீ யார்' என்று கேட்டால் எந்த ஊரிலும் மரியாதை இல்லை. இந்தச் சாக்கில்தான் சதிகாரர்கள் கோட்டைக்குள் கூடினார்கள் என்று பல புத்தகங்களில் படிக்கலாம்.

படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிரவு துப்பாக்கி தூக்கியவர்கள் விருந்தாளிகள் அல்ல. கம்பெனியின் சொந்தச் சிப்பாய்கள். குடும்பத்தோடு இருந்த சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் தங்குவார்கள். அன்றைக்கு மட்டும் ஏன் உள்ளே படுத்தார்கள்? மறுநாள் விடியற்காலையில் அணிவகுப்பு. ஓடி வர நேரமாகும், எனவே இரவே உள்ளே வந்துவிடுங்கள் என்று உத்தரவு. கொடுத்தது ஆங்கிலேய ராணுவம்!

அவர்களுடைய கோபத்துக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1805 நவம்பரில் வந்த புது உடை விதிகள்தான் காரணம். நெற்றியில் சமயக் குறி கூடாது. தாடி கூடாது. புதுமாதிரித் தலைப்பாகை, அதில் தோலால் செய்த ஒரு சின்னம். என்ன தோல்? பசுவா, பன்றியா? இந்துவும் தொட மாட்டான், முஸ்லிமும் தொட மாட்டான். இன்றைக்குத் தோலால் ஆயிரக்கணக்கான வீடுகளில் உலை கொதிக்கிற இந்த வட்டாரத்தில், அன்றைக்கு உள்ளங்கையளவு தோல் ஒரு பட்டாளத்தையே கொதிக்க வைத்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே அதிகாரிகளிடம் எச்சரித்திருக்கிறார். பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

விருந்து முடிந்த இரவு, மணி இரண்டைத் தாண்டியபோது வெடித்தது. 69-ஆவது ரெஜிமென்ட்டின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுமார் 115 பேர் கொல்லப்பட்டார்கள். சிப்பாய்களின் சொந்த அதிகாரிகள் 14 பேரும் தப்பவில்லை. கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட்டும் மாண்டார். விடியும்போது கோட்டை உச்சியில் மைசூர் புலிக்கொடி. திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதர்தான் இனி ராஜா என்று அறிவித்தார்கள்.

ராஜ்ஜியம் காலைப் பலகாரம் வரைக்கும்கூட ஒழுங்காக நீடிக்கவில்லை.

இங்கேயும் விஷயம் வண்டிதான். கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு ஆங்கிலேய அதிகாரி மூலம் ஆற்காட்டுக்குத் தகவல் பறந்தது. தூரம் பதினாறே மைல். இன்றைக்கு டவுன் பஸ் தூரம். அங்கே குதிரைப்படையோடு இருந்தவர் ரோலோ கில்லஸ்பி. சேதி கிடைத்த கால் மணி நேரத்தில் கிளம்பினார். முழுப் படையும் வந்து சேரட்டும் என்று காத்திருக்காமல் இருபது பேர் அளவில் கூட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்து வந்தார். கதவு திறக்கவில்லை. மதில் மேல் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு கயிற்றையும் ஒரு சார்ஜென்ட்டின் இடுப்புக் கச்சையையும் கீழே விட்டார்கள். அதைப் பிடித்து ஏறிவிட்டார் மனிதர். பின்னாலேயே பீரங்கி வந்தது. கதவு சிதறியது.

அப்புறம் நடந்தது போர் அல்ல, பழிவாங்கல். அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். முதல் நாள் கல்யாண வீடு. மொத்தம் இறந்த சிப்பாய்கள் முந்நூற்றைம்பது பேர் என்பது ஒரு கணக்கு. எண்ணூறு என்று சொல்பவர்களும் உண்டு.

பழி யார் மேல்? உடை விதிதான் குற்றவாளி என்றால் கவர்னரும் சேனாதிபதியும் பதில் சொல்ல வேண்டும். இளவரசர்களும் கல்யாணக் கூட்டமும்தான் என்றால் யாருக்கும் தலைவலி இல்லை. ஆனால் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் லேசில் விடவில்லை. கவர்னர் வில்லியம் பென்டிங்க், சேனாதிபதி ஜான் கிராடக் இருவரையும் திருப்பி அழைத்தார்கள். பென்டிங்க் இருபது வருடம் கழித்து கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தது தனிக் கதை.

இளவரசர்கள் மேல் குற்றம் வலுவாக நிரூபணமாகவில்லை. இருந்தாலும் மறுபடி மூட்டை கட்டச் சொன்னார்கள். இந்த முறை கல்கத்தா. வேலூர் போல முந்நூறு கிலோமீட்டர் இல்லை, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். விசுவாசிகள் பின்னாலேயே நடந்து வர முடியாத தூரம். கம்பெனி இந்தத் தடவை கணக்கைச் சரியாகப் போட்டிருந்தது.

எல்லோரும் போய்விடவில்லை. குடும்பத்துப் பெண்கள் பலர் வேலூரிலேயே தங்கிப்போனார்கள். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834-ல் இங்கேயே இறந்தார். வேலூரில் கோட்டைக்கு வெளியே திப்பு குடும்பத்தாரின் கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் வாரக் கடைசியானால் கல்யாண வேன்கள் வரிசையாக ஓடுகின்றன. கண்ணாடியில் மாப்பிள்ளை பெயரும் மணப்பெண் பெயரும் ஒட்டியிருக்கும்.