உருளை முளையில் வளர்ந்த குளவி

பப்பாளி இலையைத் திருப்பிப் பிடித்தால் நடுநரம்பை ஒட்டி, அரிசி மாவு கொட்டினாற்போல் ஒரு வெள்ளை. நகத்தால் நசுக்கினால் மஞ்சள் நீர் கசியும். அந்த வெள்ளைக்குள்தான் பூச்சி. 2008 ஜூலையில் கோயம்புத்தூரில் இதைக் கண்டறிந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் கொங்குப் பகுதி விவசாயிகள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இந்த மாவுப்பூச்சியின் பிறந்த வீடு மெக்சிகோ. அங்கே 1955-இல் சேகரித்த மாதிரிகள்தான் நமக்குத் தெரிந்த முதல் சான்று. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று பெயர் வைத்ததே 1992-இல். சொந்த ஊரில் அது அவ்வளவு அடங்கிக் கிடந்தது. 90-களில் கரீபியன் தீவுகளுக்குள் நுழைந்தது. 1998-இல் புளோரிடாவில் செம்பருத்தியில் தென்பட்டது. பிறகு பசிபிக் கடலில் குவாம், பலாவு, ஹவாய். 2008-இல் இந்தோனேசியா, இலங்கை, நம் கோவை. பெண் பூச்சிக்குச் சிறகே கிடையாது. மனிதர்கள் கொண்டுபோன செடியோடும் காயோடும்தான் அது கடல் தாண்டியிருக்க முடியும். வந்து இறங்கிய பிறகு காற்றும் எறும்பும் போதும். பஞ்சு போன்ற பையில் நூற்றுக்கணக்கில் முட்டை, பத்து நாளில் குஞ்சு. தோட்டத்தில் வேலை செய்தவரின் சட்டையில் ஏறிக்கூட அடுத்த தோட்டத்துக்குப் போகும்.

அது வந்தபோது இங்கே பந்தி விரித்து வைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பப்பாளி, மரவள்ளி, பார்த்தீனியம் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். முதல் இரண்டை நாமே ஆசையாக வளர்த்தோம். மூன்றாவது 1950-களின் நடுவில் புணேயில் கண்ணில் பட்டு, நாடு முழுக்கத் தானாகப் பரவியது. பழகிய சாப்பாடு எல்லாம் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. அதைத் தின்று அடக்கும் எதிரி மட்டும் வரவில்லை. போதாக்குறைக்கு நம் ஊர்த் துத்தியும் நாயுருவியும் அதற்குப் பிடித்துப்போயின. அறுபதுக்கும் மேற்பட்ட செடிகளில் அதனால் பிழைக்க முடியும். தோட்டத்தில் மருந்தடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வரப்போரத்துப் பார்த்தீனியத்திலிருந்து பத்தே நாளில் திரும்பி வந்துவிடும். பாதித்த செடியைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டவர்கள், அடுத்தவர் நிலத்துக்கு அதை அனுப்பி வைத்தார்கள்.

எல்லாரையும்விட மல்பெரி வைத்திருந்தவர்களின் நிலைதான் கொடுமை. குருத்து சுருண்டு, இலை மஞ்சளாகி, பூச்சி கழித்த இனிப்பு நீர்மேல் கரும்பூசணம் படிந்து கிடக்கும். அந்த இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாது. மருந்தடித்தால், அடித்த இலையையும் போட முடியாது, புழு செத்துப்போகும். உடம்பெல்லாம் மெழுகு பூசிய பூச்சிமேல் மருந்து சரியாக ஒட்டவும் இல்லை. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகளைத்தான் கொன்றது. திருப்பூர், ஈரோடு பக்கம் மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

எதிரியையும் அதன் சொந்த ஊர்ப் பக்கமிருந்தே வரவழைக்க வேண்டியிருந்தது. 2010 ஜூலையில், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரு வந்தன. அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது நம் மண்ணில் நன்றாகக் காலூன்றியது. குளவி என்றதும் கொடுக்கை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் இல்லை. கடுகுக்குப் பக்கத்தில் வைத்தால் கடுகு பெரிதாகத் தெரியும்.

இந்தக் குளவிக்குக் குஞ்சு பொரிக்க உயிருள்ள மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சிக்குச் செடி வேண்டும். லட்சக்கணக்கில் குளவி வளர்க்க ஆய்வகத்துக்குள் பப்பாளித் தோப்பா போட முடியும்? இங்கேதான் உருளைக்கிழங்கு வந்தது. அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கிறது. கிழங்கைக் கழுவி, முளைப்பைத் தூண்டும் ஜிப்பரலிக் அமிலக் கரைசலில் சற்று நேரம் ஊறவைத்து, ஈர மணலில் அடுக்கி, இருட்டில் வைப்பார்கள். சமையலறை மூலையில் மறந்துபோன கிழங்கில் வருமே, அதுபோல வெளிறிய முளைகள் நீண்டு வரும். அவற்றின்மேல் முட்டைப்பைகளை எடுத்து வைத்தால், மூன்று நான்கு வாரத்தில் முளை தெரியாத அளவுக்கு வெள்ளை படர்ந்துவிடும். பிறகு அந்தக் கூண்டுக்குள் குளவிகளை விடுவார்கள். எந்தக் காலத்திலும் சந்தையில் கிடைக்கும் ஒரு கிழங்கு, தட்டில் அடங்கும் தோட்டமாக வேலை செய்தது. பொறிவண்டு வளர்க்கப் பூசணிக்காயில் மாவுப்பூச்சி ஏற்றும் வழக்கம் நம் ஆய்வகங்களில் முன்பே உண்டு. அந்தக் கைப்பழக்கம் இங்கே பெரிதாகக் கைகொடுத்தது.

2010 அக்டோபரில் தமிழ்நாட்டு வயல்களில் குளவிகளை விடத் தொடங்கினார்கள். இளம் மாவுப்பூச்சியாகப் பார்த்து, அதன் உடம்புக்குள் குளவி முட்டையிடும். உள்ளே பொரித்த புழு அதைத் தின்று வளரும். மாவுப்பூச்சி பழுப்பேறி, கெட்டியாகி, வெறும் கூடாகும். இரண்டு வாரம் போல் ஆனதும் புதுக் குளவி அந்தக் கூட்டைத் துளைத்து வெளியே வரும். மருந்து தெளித்தவர்கள் தெளிப்பானைக் கீழே வைக்க வேண்டியிருந்தது, குளவியும் செத்துவிடுமே. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்த நாட்கள் அவை. சில மாதங்களில் மல்பெரி துளிர்த்தது, மரவள்ளிக் குருத்து நிமிர்ந்தது.

பூச்சி அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஒழிந்தால் குளவிக்கும் பிழைப்பில்லை. வரப்பில் நிற்கும் துத்தி இலையைத் திருப்பிப் பார்த்தால் இன்றைக்கும் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கைலென்ஸை வைத்துப் பாருங்கள். அதில் ஒன்று பழுப்பாக உப்பிக் கிடக்கும். ஊசி குத்தியது போல, வட்டமாக ஒரு துளை.