மேய்ச்சல் தரை (திருக்கோவில்)

அம்பாறை மாவட்டத் திருக்கோவில் பகுதியில் மாட்டுப் பட்டிகள் மேயும் பொது நிலம் மேய்ச்சல் தரை எனப்படும். வட்டமடு, கஞ்சிகுடிச்சாறு, சாகாமம் பக்கத்துக் காட்டோரங்களும் குளத்தோரங்களும் இவ்வகையின. புல்லை அறுத்து உலர்த்திச் சேமிப்பது இங்கு வழக்கமில்லை. மாடு நடந்துபோய்த் தின்னும்.

ஐப்பசி மழையோடு பெரும்போக விதைப்புத் தொடங்கும். பயிர்ச்செய்கைக் கூட்டம் குறித்த நாளுக்குள் மாடுகளை வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, வெளியேற்ற வேண்டும். வயலைக் கண்காணிக்கும் வட்டை விதானை அதன்பின் அவற்றை உள்ளே விடமாட்டார். பட்டிகள் மேற்கே காட்டோரம் போய், மாசி, பங்குனியில் அறுவடை முடிந்தபின் அரிதாள் மேயத் திரும்பும். சிறுபோகம் செய்யாத வட்டைகளில் மேய்ச்சல் நீளும். கோடையில் குளம் வற்ற வற்ற, ஈரம் காயாத படுக்கையில் துளிர்க்கும் அறுகு எருமைகளுக்கு. ஆகவே தட்டுப்பாடு இருமுறை வரும்: ஆவணியில் புல் இராது, மார்கழியில் புல் முழங்காலளவு நிற்கும், மாடு நிற்க இடம் இராது.

பல பட்டிகள் கலந்து மேய்வதால் குறிசுடுதல் இன்றியமையாததாயிற்று. இக்கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணுவோர். குடிக்கெனத் தனிக் குறி உண்டு. உடையவரின் பெயரெழுத்தும் அதனோடு சேரும். காய்ச்சிய இரும்பு பட்ட இடத்தில் மயிர் முளைக்காது. கன்று வளர வளர வழுவழுத்த தழும்பும் அகலும். பட்டிக்காரருக்கு அதுவே உறுதிப் பத்திரம்.

மேய்ந்த புல்லுக்கு மறுபடி தழைக்க ஓய்வு வேண்டும் என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் அந்திரே வுவாசன் 1957இல் வெளியான நூலில் மேய்ச்சலின் முதல் விதியாக்கினார். பட்டிகளின் இடப்பெயர்வு அந்த ஓய்வை முன்பே கொடுத்துவந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்பின் நெற்காணி விரிய, ஓய்வுக்கு விட நிலம் குறுகியது. 1970களில் மேய்ச்சலுக்கென ஒதுக்கிய வட்டமடுவிலும் வேளாண்மை நுழைந்தது. வனத் திணைக்களத்தின் உரிமைக்கோரல் பிறகு சேர்ந்தது.

இப்போது அறுவடை இயந்திரம் சிதறவிடும் வைக்கோல் பெரும்பாலும் எரிக்கப்படுகிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து மூடிவைத்தால் அது நல்ல தீனி. வேலியும் நீரும் உள்ளவர்கள் கோ-3 புல் நடுகிறார்கள்.