தரவு மையங்களுக்குத் தற்காலிகக் குளிரூட்டல்: வெப்பம் வருமுன் செய்யவேண்டியவை

2022 ஜூலை 19ஆம் திகதி பிரித்தானியாவின் வெப்பநிலை வரலாற்றில் முதற்தடவையாக 40 பாகை செல்சியஸைத் தாண்டியது. கொனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 பாகை பதிவானது. அன்றுதான் லண்டனின் கைஸ் மற்றும் சென் தோமஸ் வைத்தியசாலைகளின் இரண்டு தரவு மையங்களும் வெப்பம் தாங்காமல் செயலிழந்தன. 371 கணினி முறைமைகள் பாதிக்கப்பட்டன. வைத்தியர்கள் மீண்டும் காகிதத்தில் எழுதத் தொடங்கினர். சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. எல்லாம் வழமைக்குத் திரும்ப வாரக்கணக்கானது. அதே நாளில் கூகுள், ஒரக்கிள் நிறுவனங்களின் லண்டன் மையங்களிலும் குளிரூட்டல் கோளாறினால் சேவைகள் தடைப்பட்டன.

குளிரூட்டல் நின்றால் ஏன் இவ்வளவு பாதிப்பு? ஒரு சேர்வர் உள்ளெடுக்கும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளியேறுகிறது. 100 கிலோவாட் மின்சாரத்தில் இயங்கும் சேர்வர்கள் உள்ள அறை, 100 கிலோவாட் அடுப்பு எரியும் அறைக்குச் சமம். ஒரு தொன் குளிரூட்டி அகற்றக்கூடிய வெப்பம் சுமார் 3.5 கிலோவாட் மாத்திரமே. ஆகவே அந்த அறைக்கு ஏறத்தாழ 28 தொன் குளிரூட்டல் வேண்டும். சேர்வர்களுக்குள் செல்லும் காற்று 18 முதல் 27 பாகைக்குள் இருக்கவேண்டும் என்பது சர்வதேச அளவில் பின்பற்றப்படும் பரிந்துரை. குளிரூட்டல் நின்றால், நெருக்கமாக அடுக்கப்பட்ட அறையில் சில நிமிடங்களிலேயே இந்த எல்லை கடந்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பவே தற்காலிகக் குளிரூட்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவை பிரதானமாக இரண்டு வகைப்படும்.

முதலாவது, சில்லுகள் பூட்டிய சிறிய குளிரூட்டிகள். இவற்றை அறைக்குள் தள்ளிச் சென்று சேர்வர் வரிசையின் முன்னால் நிறுத்தலாம். ஆனால் அவற்றின் பின்புறமாக வரும் சூடான காற்றைக் குழாய் மூலம் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் குளிரூட்டியின் சொந்த வெப்பமும் அறைக்குள்ளேயே சேரும். வடியும் நீருக்கும் வழி வேண்டும்.

இரண்டாவது, பெரிய நீர்க்குளிரூட்டிகள். கொள்கலன் அளவிலான இவை கட்டடத்துக்கு வெளியே நிறுத்தப்படும். குளிர்ந்த நீர் தடித்த குழாய்களால் உள்ளே அனுப்பப்படும். இவற்றைப் பொருத்தக் கட்டடத்தின் நீர்க்குழாய்களில் இணைப்பு வாயில்கள் ஏற்கனவே இருக்கவேண்டும். இல்லையெனில் இயந்திரம் வாசலுக்கு வந்த பின்னரும் குழாயை வெட்டி இணைக்கும் வேலை மிஞ்சியிருக்கும். அதற்கான மின்சாரத்தையும், தேவைப்படின் தனியான மின்பிறப்பாக்கியையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

கதவைத் திறந்து மின்விசிறி வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. சில நிமிடங்களைத் தாக்குப்பிடிக்க அது உதவலாம். ஆனால் இலங்கை, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதன் மிகுந்த நாடுகளில் வெளிக்காற்றுடன் ஈரமும் தூசியும் உள்ளே வரும். குளிர்ந்த பரப்புகளில் நீர் படிந்தால் மின்சுற்றுகள் பழுதாகலாம். இதைவிடச் சிறந்த முதலுதவி, அவசியமற்ற சேர்வர்களை ஒழுங்காக நிறுத்துவதுதான். நிறுத்தப்படும் ஒவ்வொரு கிலோவாட்டும் குளிரூட்டத் தேவையில்லாத ஒரு கிலோவாட். எதை முதலில் நிறுத்துவது என்ற பட்டியல் அமைதியான நாளொன்றில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வெப்ப அலை மாத்திரம் காரணமல்ல. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி சிங்கப்பூரில் டி.பி.எஸ்., சிட்டி ஆகிய வங்கிகள் பயன்படுத்திய தரவு மையமொன்றில், திட்டமிட்ட மேம்படுத்தல் வேலையின்போது ஒப்பந்தகாரர் தவறான சமிக்ஞை ஒன்றை அனுப்பினார். குளிர்நீர்த் தாங்கிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. வெப்பம் ஏறியது. ஏறத்தாழ 25 இலட்சம் கொடுப்பனவுகளும் ஏ.ரி.எம். கொடுக்கல் வாங்கல்களும் நிறைவேறாமல் போயின. இதனால், குளிரூட்டல் தொகுதியில் கைவைக்கும் எந்தத் திருத்த வேலையும், தற்காலிகக் குளிரூட்டியைத் தயாராக வைத்துக்கொண்டே தொடங்கப்படுவது நல்லது.

லண்டன் வைத்தியசாலைகளிடம் இரண்டு மையங்கள் இருந்தன. எனினும் ஒரே நகரத்தின் ஒரே வெயில் இரண்டையும் ஒரே நாளில் தாக்கியது. வாடகை இயந்திரங்களுக்கும் இதே நிலைதான். கடும் வெப்ப நாளில் நகரம் முழுவதும் அதே இயந்திரத்தையே தேடும். எனவே முன்பதிவு ஒப்பந்தம், இணைப்பு வாயில்கள், மின்சார வசதி, நிறுத்தவேண்டிய சேர்வர்களின் பட்டியல், வருடத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை ஆகிய ஐந்தும் முன்னரே இருக்கவேண்டும். இவை இல்லாத இடத்தில், வாசலில் வந்து நிற்கும் குளிரூட்டியால் சேர்வர்களை உரிய நேரத்தில் காப்பாற்ற முடியாது.