ஆஸ்பெக்ட்ஜே: முந்துரிமையும் மெதட் மோதலும்

வங்கி மென்பொருள் ஒன்றில் பணம் செலுத்துதல், எடுத்தல் ஆகியவை தனித்தனி வகுப்புகளுக்குள் அடங்கிவிட்டாலும், ஒவ்வொரு செயலையும் பதிவு செய்வதும் பயனரின் அனுமதியைச் சோதிப்பதும் எந்த ஒரு வகுப்பிலும் அடங்காமல் எல்லாவற்றிலும் ஊடுபாவாகப் பரவிக் கிடக்கும். இத்தகைய பொதுப்பணிகளை 'ஆஸ்பெக்ட்' என்னும் தனி அலகில் எழுதி, பின்னர் உரிய இடங்களில் நெய்து சேர்க்கும் முறையை, ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் கிரெகர் கிக்ஸாலெஸும் அவர்தம் குழுவினரும் உருவாக்கி, 1997இல் பின்லாந்தில் கூடிய ஐரோப்பியப் பொருள்நோக்கு நிரலாக்க மாநாட்டில் முன்வைத்தனர்.

இதன் வேர்கள் லிஸ்ப் மொழி மரபில் உள்ளன. மூல நிரலைத் திருத்தாமலேயே அதன் முன்னும் பின்னும் புதிய கட்டளைகளைப் பொருத்துவதை வாரன் டைட்டல்மன் 1966ஆம் ஆண்டின் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் 'அட்வைஸ்' முறையாக விளக்கியிருந்தார். பின்னாளில் கிக்ஸாலெஸும் பங்கேற்று வடிவமைத்த காமன் லிஸ்ப் பொருள் அமைப்பில், பல தாய் வகுப்புகள் ஒரே பெயரில் மெதட், அதாவது செயற்கூறு, ஒன்றைத் தந்தால், அவ்வகுப்புகளுக்கிடையே கணிக்கப்படும் முந்துரிமை வரிசையே எது முதலில் இயங்கும் என்பதைத் தீர்மானித்தது. நிரலாளரிடம் எதுவும் கேட்கப்படவில்லை.

ஜாவாவை விரித்து உருவாக்கப்பட்டு, 2001இல் 1.0 பதிப்பாக வெளிவந்த ஆஸ்பெக்ட்ஜே மொழியில் நிலைமை மாறியது. ஓர் ஆஸ்பெக்ட், வெளியிலிருந்தே வேறொரு வகுப்பில் புதிய மெதட்டைச் சேர்க்க இம்மொழி இடமளித்தது. இரண்டு ஆஸ்பெக்ட்கள் ஒரே வகுப்பில், ஒரே பெயரும் ஒரே உள்ளீடுகளும் கொண்ட பொது மெதட்டைச் சேர்க்க முற்பட்டால், கம்பைலர் அதைப் பிழையென நிறுத்திவிடும். அவற்றுள் எது முந்தியது என்று நிரலாளர் வெளிப்படையாக அறிவித்திருந்தால், முந்தியதை மட்டும் ஏற்றுக்கொண்டு பிழையின்றிக் கடந்துசெல்லும்.

மெதட்டைப் போலவே அட்வைஸிலும் வரிசைச் சிக்கல் எழுவதுண்டு. ஓர் ஆஸ்பெக்டுக்குள் ஒரே இடத்துக்கென எழுதப்பட்ட இரண்டு அட்வைஸ்களுள் ஒன்றேனும், அவ்விடத்துக்குப் பிறகு இயங்கும் 'பின்' வகையாயின் பிந்தி எழுதப்பட்டதற்கும், இல்லையேல் முந்தி எழுதப்பட்டதற்கும் முந்துரிமை உண்டு. ஆகவே 'முன்', 'பின்', 'முன்' என மூன்றை வரிசையாக எழுதினால், முதலாவது மூன்றாவதையும், மூன்றாவது இரண்டாவதையும், இரண்டாவது முதலாவதையும் முந்த, முந்துரிமை வட்டமாகச் சுழலத் தொடங்கி, கம்பைலர் பிழை காட்டும். 'பின்' வகையைக் கடைசிக்கு நகர்த்தினால் பிழை நீங்கும். நிரல் அலகுகளை ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே எழுதலாம் என்ற உறுதிமொழியோடு பிறந்த இம்முறையில், அவை ஒன்றையொன்று அறிந்தே ஆகவேண்டிய இடங்களை இப்பிழைச் செய்திகளே வரையறுத்துக் காட்டின.