'இரண்டாம் பலி': ஒரு கலைச்சொல்லின் வரலாறு

சிகிச்சையில் பிழை நேர்ந்து நோயாளி பாதிக்கப்படும்போது, அதில் தொடர்புடைய மருத்துவரும் செவிலியரும் அடையும் மனக்காயத்துக்கு நெடுங்காலம் பரவலான பெயர் இருக்கவில்லை. 2000 மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் வூ எழுதிய சிறு கட்டுரையே 'செகண்ட் விக்டிம்' என்னும் தொடரை நிலைபெறச் செய்தது. வூ பயிற்சி மருத்துவராயிருந்த நாளில் உடன் பணியாற்றிய ஒருவர், இதய உறையில் நீர் தேங்கி இதயத்தை அழுத்துவதன் அறிகுறிகளை இசிஜி வரைவில் காணத் தவறினார். நோயாளியைப் பின்னிரவில் அறுவை அரங்குக்கு விரைந்து கொண்டுசெல்ல நேர்ந்தது. செய்தி பரவியது, சக மருத்துவர்களே நீதிபதிகளாகி அவரைத் திறனற்றவர் என்று தீர்த்துவிட்டனர். அதே பிழையைத் தாமும் செய்திருக்கக்கூடுமோ என்ற ஐயத்தை வூ அன்று மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கட்டுரையின் உண்மையான பொருள் அம்மௌனமே எனலாம்.

2009இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் சூசன் ஸ்காட் குழுவினர் இத்தகைய 31 பேரை நேர்கண்டு, மீட்சியின் 6 கட்டங்களை வகுத்தனர். சிலர் பணியை விட்டு நீங்கினர். சிலர் வடுவோடு தொடர்ந்தனர். சிலர் தெளிவுற்று மீண்டனர்.

சிக்கல் சொல்லில் இருந்தது. இலத்தீன் 'விக்டிமா' வேள்வியில் பலியிடப்படும் விலங்கைக் குறித்தது. (தமிழ்ப் 'பலி'யும் வழிபாட்டுக் களத்தினின்று வந்ததே, 'பாதிக்கப்பட்டவர்' என்பதில் அந்த நிழல் இல்லை.) பலியாவது தவறிழைத்ததன்று. மருத்துவப் பிழையால் உறவினர் பாதிக்கப்படக் கண்ட குடும்பத்தினர் சிலர் 2019இல் அதே இதழில் இத்தொடரைக் கைவிடக் கோரினர்: நேர்ந்தது தற்செயல், எவரும் பொறுப்பல்லர் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது என்றனர். எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் அது மறுத்தது பெயரையே, மருத்துவரின் துயரத்தையன்று.

இந்தியாவிலோ இவ்விவாதம் பெயரளவை எட்டுமுன்பே காவல்துறையின் மொழி முந்திக்கொள்கிறது. 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில், மகப்பேற்றுக்குப் பிந்தைய மிகுந்த இரத்தப்போக்கால் ஒரு தாய் இறந்தார். சிகிச்சையளித்த பெண் மருத்துவர்மீது கொலை வழக்குப் பதிவாயிற்று. மறுநாள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கே பிழை நேர்ந்ததென எவரும் நிறுவியிருக்கவில்லை. கவனக்குறைவுக் குற்றச்சாட்டில்கூட, மருத்துவர்மீது நடவடிக்கை தொடருமுன் துறையறிந்த, சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெறவேண்டும். வழக்கமான நடைமுறையாகக் கைது செய்யலாகாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இலேயே நெறிவகுத்திருந்தது.