நாள்பட்ட நோயாளரும் மருத்துவச் சேவையும்: தமிழ்நாடு

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நாள்பட்ட நோய்களுள்ள பெரியவர்கள் மருத்துவச் சேவையைப் பயன்படுத்தும் முறை, காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. இங்கே வலி ஆளை மருத்துவமனைக்குத் துரத்துவதில்லை. மாத்திரை தீர்ந்த நாளில் உடம்பு ஒன்றும் சொல்வதில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற தொற்றாநோய் ஆய்வில், உயர் இரத்த அழுத்தமுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவுள்ளோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பரவலாக உள்ள, அங்கே மருந்தை இலவசமாகத் தரும் மாநிலத்தின் நிலை இது. ஆகவே மருந்தின் விலையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. கூலி வேலை செய்பவர் மாத்திரைக்காக இழக்கும் ஒரு நாள் ஊதியம், முதியவருக்குத் துணைவர ஆளில்லாமை ஆகியவையும் பெருந்தடைகளே.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இந்தத் தடைகளைத் தாண்டும் முயற்சி. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வந்து அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மாத்திரை தருகிறார்கள். மருந்து வீட்டுக்கே வந்தால் நோயாளர் மருத்துவரையே மறந்துவிடுவார் என்ற மறுப்பை ஒதுக்கிவிட முடியாது: விழித்திரை, சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் பரிசோதனை வாசற்படியில் முடிவதில்லை. ஆனால் அதற்காக எல்லோரையும் மாதந்தோறும் மாத்திரை வரிசையில் நிறுத்தினால், சிக்கலான நோயாளருக்குரிய மருத்துவரின் நேரம்தான் கரையும். நோய் கட்டுக்குள் உள்ளவருக்கு வீட்டில் மருந்து, மற்றவருக்கு மருத்துவர் முன் போதிய நேரம் என்ற பிரிவே சரியானது. அளவு ஏறியிருக்கிறது என்று தன்னார்வலர் அனுப்புபவரை ஆரம்ப சுகாதார நிலையம் விடாமல் கவனித்தால்தான் அது நடக்கும்.