உயில் எழுதியவரும் பட்டா பெற்றவரும்: பாராமகாலில் வம்சாவளித் தேடல்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை பாராமகால் சீமையின் தர்மபுரியில் இருந்தார். அவர் 1761 மே 27இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். தந்தை அலெக்சாண்டர் மன்றோ, வர்ஜீனியாவோடு வாணிபம் செய்து அமெரிக்க விடுதலைப் போரில் நொடித்துப்போனவர். மனைவி ஜேன் கேம்பெல். மகன்கள் தாமஸ், கேம்பெல். 1827 ஜூலை 6இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். முதலில் கூத்தியில் புதைத்தார்கள். பிறகு எலும்புகளைச் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். இவ்வளவையும் ஒரே மதியத்தில் நூலகத்தில் உட்கார்ந்து சேகரித்துவிடலாம். அவர் குதிரையில் போய்ப் பார்த்த வயலை அப்போது உழுதுகொண்டிருந்தவரின் அப்பா யார்? இன்று அந்தக் குடும்பத்தில் மூத்தவரைக் கேட்டாலும் தாத்தா, பூட்டன், ஓட்டன் என்று ஏறி அதோடு நின்றுவிடும்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதிவைப்பான், நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களுக்கு முன்னால் இந்தப் பதில் நிற்காது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டுப் பட்டான் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எழுதத் தெரியாத குறை அன்று. சொத்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற எந்தக் காகிதம் தேவைப்பட்டது என்பதே கேள்வி. ஆங்கிலேயக் குடும்பங்களின் கொடிவழி நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் அவர்களுடைய வரலாற்றுணர்வு என்பதைவிட, அவர்களுடைய சொத்துச் சட்டம் என்பதே என் கருத்து.

இங்கிலாந்தில் இதன் வேர் 13ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. அரசனிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் இறந்தால், அரசு அதிகாரி ஊராரைக் கூட்டிச் சத்தியம் வாங்கி விசாரிப்பார். நிலம் எது, இறந்த நாள் எது, வாரிசு யார், வயது என்ன? 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இந்த விசாரணை நடந்தது. வாரிசு சிறுவன் என்றால் அவன் வயதுக்கு வரும்போது இன்னொரு விசாரணை. பிறப்புப் பதிவேடு இல்லாத காலம். ஆகவே அக்கம்பக்கத்தார் வந்து சாட்சி சொன்னார்கள். அவன் பிறந்த அன்றுதான் எனக்கும் மகன் பிறந்தான் என்பார் ஒருவர். அன்றுதான் குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது என்பார் மற்றொருவர். தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவன் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கணக்குச் சொன்ன அதே முறை. ஆனால் இதே கால் ஒடிந்த கதை வேறு வேறு ஊர் ஆவணங்களில் வார்த்தை மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. எழுத்தர் கையில் ஒரு வாய்பாடு இருந்திருக்கிறது. ஆவணம் பழையது என்பதற்காக அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதை முதலில் கற்றுக்கொடுப்பவை இவைதான்.

உயில்களின் சேர்க்கை இதைவிடப் பெரியது. கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உயில்களின் படிகள் 1384 முதல் இருக்கின்றன. 1858 ஜனவரியில் அந்த அதிகாரம் அரசு நீதிமன்றத்துக்குப் போனது. வெளிநாட்டில் இறந்தவருக்கு இங்கிலாந்தில் சொத்து இருந்தால் அவர் உயிலும் அதுவரை பெரும்பாலும் பேராயர் நீதிமன்றத்துக்குத்தான் வரும். மணமான மகளின் புகுந்த வீட்டுப் பெயர், பேரப்பிள்ளைகள், கடன் பட்ட மைத்துனன், நம்பிக்கையான வேலைக்காரன் என்று ஒரு வீட்டையே ஒரு தாளில் பார்த்துவிடலாம். ஒரு பொறி உண்டு. மூத்த மகன் பெயர் உயிலில் இல்லாவிட்டால் அவன் செத்துவிட்டான், அல்லது அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சில்லை என்று அவசரப்பட்டு எழுதிவிடுவார்கள். பூர்வீக நிலம் மூத்தவனுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும். மிச்சத்தைப் பிரிப்பதற்குத்தான் உயில். வாயே திறக்காத இடத்தில்தான் பெரிய சொத்து கைமாறியிருக்கும்.

மன்றோ போன்றவர்களைத் தேடும்போது இன்னொரு சங்கடம். அவர் ஆங்கிலேயர் அல்லர், ஸ்காட்லாந்துக்காரர். அங்கே சட்டமே வேறு. 1868வரை நிலத்தை உயில் எழுதி வைக்கவே முடியாது; வாரிசு தன் உரிமையைத் தனி விசாரணையில் நிறுவ வேண்டும். நம் ஊரில் எல்லாரையும் 'துரை' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். ஆவணக் காப்பகத்தில் துரைக்குத் துரை வாசல் வேறு.

சென்னைக்கு வருவோம். 1726ஆம் ஆண்டு அரச சாசனத்தால் அமைந்த மேயர் நீதிமன்றத்துக்கு உயிலை மெய்ப்பிக்கவும், உயிலில்லாமல் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஆளை நியமிக்கவும் அதிகாரம் இருந்தது. 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றம், 1801இல் சுப்ரீம் கோர்ட், 1862இல் இன்றைய உயர் நீதிமன்றம் என்று அந்த அதிகாரம் கைமாறியது. உள்நாட்டில் ஒரு கம்பெனி அதிகாரி காய்ச்சலில் இறந்தால் அவருடைய காகிதங்கள் சென்னைக்குப் போகும். அங்கிருந்து படி லண்டனுக்குப் போகும். இன்றும் அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன.

உயிலோடு சேர்ந்து வரும் சொத்துப் பட்டியல்தான் எனக்கு எப்போதும் அதிகம் பேசுகிறது. கூடாரம், பல்லக்கு, குதிரை, மதேரா மது, கிழிந்த சட்டைகள், புத்தகங்கள் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, எதை எந்த அதிகாரி எத்தனை வராகனுக்கு எடுத்தார் என்று எழுதியிருப்பார்கள். யாருக்கு யார் நண்பர், யார் எந்த முகாமில் இருந்தார் என்பதை உயிலைவிட இந்த ஏலக்கணக்கு துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

உயில் சொல்லாததைச் சேர்த்துப் படித்தால் ஒரு குடும்பம் எப்படித் தெரியும் என்பதற்குச் சென்னையில் கம்பெனி ஆளுநராக இருந்த எலிஹு யேல் போதும். கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர் 1680இல் சென்னையில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 4இல், புதிதாகத் திறந்திருந்த புனித மேரி தேவாலயத்தில், அவருடைய விதவை கேத்தரினை யேல் மணந்தார். அந்தக் கோயிலின் முதல் திருமணம் அது. அவர்கள் மகன் டேவிட் சிறுவயதில் இறக்க, ஹின்மரின் கல்லறையிலேயே புதைத்தார்கள். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பாக நிற்பது அதுதான். யேல் 1687 முதல் 1692வரை ஆளுநர். இதற்கிடையே வைர வணிகர் ஒருவரின் விதவை ஹீரோனிமா டி பைவாவோடு அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் 1712இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தான். 1721இல் லண்டனில் யேல் சட்டப்படி செல்லும் உயில் இல்லாமலே இறந்தார். மகள்கள் நார்த், கேவன்டிஷ் என்ற பெருங்குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களைப் பிரபுக்கள் பட்டியலிலேயே பார்க்கலாம். ஹீரோனிமாவைத் தேடுபவருக்குச் சென்னையும் கேப் டவுனும் அலைச்சல்.

பதினெட்டாம் நூற்றாண்டு உயில்களில் இந்தியப் பெண்கள் ஏராளமாக வருகிறார்கள். வங்காளத்து உயில்களை எண்ணியவர்கள் 1780–85இல் மூன்றில் ஒன்றிலும், 1805–10இல் நான்கில் ஒன்றிலும், 1830இல் ஆறில் ஒன்றிலும் இந்தியத் துணைவிக்கோ அவள் பிள்ளைகளுக்கோ ஏதாவது எழுதிவைத்ததைக் கண்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. உறவுகள் மறைந்தன என்பதைவிட எழுதுவது மறைந்தது என்றே கொள்ளத் தோன்றுகிறது. 1791இல் இந்தியத் தாய்க்குப் பிறந்த மகன்களுக்குக் கம்பெனி உத்தியோகம் கிடையாது என்று தடை வந்துவிட்டது. தாய் யாரென்று காட்டும் காகிதம் பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கும். உயிலில் வரும்போதும் அவள் 'ஒரு சுதேசிப் பெண்'. ஊரில்லை, தகப்பன் பெயரில்லை. பிள்ளைகளுக்கு அப்பாவின் குடும்பப் பெயர். ஆண்வழியில் எட்டுத் தலைமுறை ஏறும் கொடிவழி பெண்வழியில் ஒரே எட்டில் முறிந்துபோகிறது.

உயிலே இல்லாத இடத்தில் வழக்கு கைகொடுக்கும். அதற்குச் சான்று மன்றோ பின்னால் போன சீமையில் கிடைக்கிறது. மன்றோ தர்மபுரியையும், தாமே உண்டாக்கிய தோட்டத்தையும் மனமில்லாமல் விட்டுக் கனரா போனார். 1800இல் நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்களுக்கு வந்தார், பெல்லாரி அதிலொன்று. (அந்தச் சீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வம்சம் தேடுபவர்களுக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.) அந்தப் பெல்லாரியில் மாத்யூ ஆபிரகாம் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் இருந்தார். பறையர் குடியில் வந்த கத்தோலிக்கக் குடும்பம்; அவர் புராட்டஸ்டன்டானார். 1820இல் சார்லட் ஃபாக்ஸை மணந்தார். சார்லட், ஆங்கில–போர்த்துகீசியக் கலப்பில் வந்த ஈஸ்ட் இந்தியக் குடும்பத்துப் பெண். மாத்யூ பட்டாளத்துக்குச் சாராயம் வடித்துக் கொடுக்கும் குத்தகையில் பெரும்பணம் சேர்த்தார். 1842இல் உயில் எழுதாமல் இறந்தார்.

தம்பி பிரான்சிஸ் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டார். 1854இல் சார்லட் வழக்குப் போட்டார். தம்பியின் வாதம் நமக்கு நன்றாகப் பழக்கமானது: நாங்கள் பாகம் பிரியாத குடும்பம், ஆகவே எனக்கும் சரிபாதி. மதம் மாறிய தமிழரின் சொத்துக்கு எந்தச் சட்டம்? அதைக் கண்டுபிடிக்க நீதிமன்றம் குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதையும் கிளறியது. யார் என்ன உடுத்தினார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எந்தக் கோயிலுக்குப் போனார்கள், எங்கே பெண்ணெடுத்தார்கள்? 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. மதம் மாறியவர் பழைய சட்டத்தைத் தொடரலாம், கைவிடவும் செய்யலாம். மாத்யூ வாழ்ந்த விதம் ஈஸ்ட் இந்தியரின் விதம். இந்துக் கூட்டுக்குடும்பச் சட்டம் அவர் சொத்துக்குப் பொருந்தாது. இரண்டு ஆண்டுகளில், 1865இல், இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்து கிறிஸ்தவர்களுக்கு அந்தத் தேர்வே இல்லாமல் செய்துவிட்டது.

ஒழுங்காக ஓர் உயில் எழுதி வைத்திருந்தால் மாத்யூ இன்று யாருக்கும் தெரியாத பெயர். சண்டை வந்ததால் சாப்பாட்டு மேசைவரை தெரிகிறது. சிவகங்கை ஜமீன் வழக்கும் அதே 1863இல்தான் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. 1829இல் இறந்த ஜமீன்தாரின் பெண்மக்களும் பங்காளிகளும் முப்பது ஆண்டுக்கு மேல் வழக்காடியதில் அந்த வம்சத்தின் உறவுமுறை முழுவதும் அச்சேறியது. ஆனாலும் சாட்சிக்கூண்டில் நிற்பவர் வக்கீல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார், பலசமயம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். தனக்குப் பாதகமாக ஒருவர் ஒப்புக்கொண்ட உறவைத்தான் நான் நம்புவேன்.

தர்மபுரி உழவருக்கு இந்த வாசல் எதுவும் திறக்கவில்லை. 1829இன் ஐந்தாம் ரெகுலேஷன், இந்து சட்டத்துக்கு ஒத்துவராத இந்து உயில்களுக்குச் சென்னை மாகாணத்தில் வலுவில்லாமல் செய்தது. 1860களில் உயர் நீதிமன்றம் உயில் எழுதும் உரிமையை ஏற்றது. 1870இல் வந்த இந்து உயில் சட்டமோ இந்த மாகாணத்தில் சென்னை நகரத்தோடு நின்றது. இங்கே ஒருவர் ஓலையிலோ தாளிலோ எழுதிவைத்தாலும் அதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துப் படியெடுத்து வைக்கும் கட்டாயம் இல்லை. நிலம் பங்காளிகளுக்குள் வாய்மொழியாகவே பிரிந்துபோயிற்று.

அவருக்குக் கிடைத்தது வேறொரு காகிதம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் அதன் தலைமை அதிகாரி. மன்றோ, மெக்லியாட், கிரஹாம் மூவரும் உதவியாளர்கள். நால்வருமே பட்டாளத்துக்காரர்கள். வயல் வயலாக அளந்து, இடைத்தரகர் இல்லாமல் உழவர் ஒவ்வொருவர் பேரிலும் தீர்வை கட்டி, பட்டா கொடுத்தார்கள். ரயத்துவாரி முறை வடிவெடுத்த இடம் இதுதான். 1802க்குப் பிறகு இதே நிலங்களை மிட்டா என்னும் சிறு ஜமீன்களாக ஏலம் விட்டார்கள். பல மிட்டாக்கள் கட்ட முடியாமல் மீண்டும் அரசிடம் வந்தன. பாராமகால் ஆவணங்களை 1907 முதல் சென்னை அரசு பகுதி பகுதியாக அச்சிட்டது. குடிகளைப் பற்றி அதில் தனிப் பகுதியே உண்டு. ஆனால் அது சாதிகளைப் பற்றிப் பேசும், ஆட்களைப் பற்றி அல்ல. ஆளின் பெயர் வேண்டுமானால் தீர்வைக் கணக்குக்குத்தான் போக வேண்டும். அங்கே இருப்பவர் வரி கட்டியவர் மட்டுமே. பண்ணையாள் இல்லை, குத்தகைக்காரர் இல்லை, பெண் அபூர்வம்.

தேடுபவர் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். அதற்கு முந்தைய காகிதங்களைச் சேலம் தலைப்பில் தேட வேண்டும். 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்ததால் வடக்குப் பகுதிக்காரர்களுக்கு அலைச்சல் இன்னும் ஒரு படி கூடும்.

1865 முதல் பத்திரப் பதிவு வந்தபின் வழி கொஞ்சம் அகலமாகிறது. பாகப்பிரிவினை வழக்கு என்றால் பிராதோடு கொடிவழியும் இணைத்திருப்பார்கள். வழக்கில்லாதவர்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய கிரயப் பத்திரம்தான். மடித்த இடத்தில் துகளாக உதிரும் தாள். இன்னார் குமாரர் இன்னாருக்கு, இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்தது என்ற முதல் வரியிலேயே இரண்டு குடும்பங்களில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். வம்சாவளி தேடுபவர்கள் பெரும்பாலும் அதைக் குறித்துக்கொண்டு, கடைசியில் கையெழுத்தையும் கைநாட்டையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நடுவில் செக்குபந்தி இருக்கும்: விற்கும் நிலத்தின் நான்கு எல்லைகள். அதைப் படிக்க வேண்டும். ஒரு தலைமுறைப் பட்டாவிலும் பேர் வராத விதவை ஒருத்தி, பக்கத்து நிலத்தை வேறு யாரோ விற்றபோது, அந்தப் பத்திரத்தில் ஓர் எல்லையாக நிற்பாள்: 'இன்னார் பெண்சாதி இன்னாள் நிலத்துக்கு மேற்கு'.